கண்ணுக்குப் புலப்படாத அபாயங்கள்

மின்சாரம் எட்டாத பாலப் பணிகளிலும் குழாய் பதிக்கும் இடங்களிலும் டீசல் எஞ்சினால் இயங்கும் வெல்டிங் ஜெனரேட்டரும் காற்றுக் கம்ப்ரசரும் இன்றியமையாதவை. இவற்றின் பெரும் அபாயங்கள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அதனை உணர்த்துவதே பாதுகாப்புப் பயிற்சியின் முதற்கடமை ஆகும்.

எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிடச் சுமார் 200 மடங்கு வலுவாகப் பிணைகிறது. ஆகவே, மழைக்கு அஞ்சி எஞ்சினை அடைப்பான கொட்டகைக்குள் இயக்கலாகாது. சூடான எஞ்சினில் எரிபொருள் ஊற்றுவதும் கூடாது.

வெல்டிங் கம்பியில் தீப்பொறி எழாதபோதும் 80 வோல்ட் வரை மின்னழுத்தம் நிற்கக்கூடும். ஈரத் தரையும் வியர்வையில் நனைந்த கையுறையும் சேர்ந்தால் அதுவே உயிரைப் பறிக்கப் போதுமானது.

கம்ப்ரசர் தொட்டியில் சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோகிராம் அழுத்தம் இருப்பது வழக்கம். எஞ்சின் நின்ற பின்னும் அது நீடிக்கும். காற்றை வெளியேற்றாமல் கழற்றப்படும் குழாய் சாட்டைபோல் வீசியடிக்கும். அக்காற்றால் உடைத் தூசியை ஊதினால் அது தோலைத் துளைத்து உட்புகலாம். தொட்டியில் தேங்கும் நீரை நாள்தோறும் வடித்தால் உட்புறம் துருப்பிடிப்பது குறையும். பாதுகாப்பு வால்வை ஒருபோதும் கட்டிவைக்கலாகாது.

அழுத்தக் கலன்கள் பற்றி 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதி வகுத்தது. கட்டுமானத் தொழிலாளர்க்கோ 1996இல்தான் தனிச் சட்டம் வந்தது. இவ்விரண்டையும் 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு ஒன்றிணைத்தது. எனினும், எஞ்சின் ஆறும்வரை காத்திருக்கும் சில நிமிடங்களை வீண்செலவாகக் கருதும் மனப்பான்மை மாறினாலன்றிச் சட்டம் பயன் தராது. அந்நிமிடங்கள் காப்பது ஒரு குடும்பத்தின் வாழ்நாள் வருவாயை.