ஜவ்வாது மலையில் ஒலிப்பதிவு செய்யும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஜமுனாமரத்தூருக்கு அப்பாலுள்ள உங்கள் ஊரில் விடியவிடிய நடந்த தெருக்கூத்தையும், சாமைக் கொல்லையில் பெண்கள் பாடிய பாட்டுகளையும் நீ கைபேசியில் பதிவு செய்து யூடியூபில் ஏற்றியதும், அவற்றுள் ஒன்றை முகமறியாத ஒருவர் எடுத்துத் தம் பெயரிலே வெளியிட்டு உன்னைக் காட்டிலும் பன்மடங்கு பார்வையாளரைச் சேர்த்துக்கொண்டதும், அதனால் உன் மனம் கொதிப்பதும் உன் கடிதத்தினால் விளங்கின. சட்டம் உனக்கு என்ன பாதுகாப்புத் தருகிறது என்று கேட்டிருக்கிறாய். கேள்வி நியாயமானதே, ஆயினும் அதற்கு விடை காணுமுன், அந்தப் பதிவில் யார் யாருக்கு என்னென்ன பாத்தியதை உண்டு என்பதை நாம் பிரித்துப் பார்த்தாக வேண்டும். அப்படிப் பார்க்கும்போது உனக்குக் கொஞ்சம் கசப்பு உண்டாகலாம், பொறுத்துக்கொண்டு படி.

நம் தேசத்தின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஒரே பதிவினுள் பல உரிமைகளைத் தனித்தனியே காண்கிறது. பாட்டை இயற்றியவருக்கு அவர் ஆயுட்காலமும் அதன் பின்னர் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. பதிவைச் செய்தவருக்கு, அது வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. பாடியவருக்கும் ஆடியவருக்கும், நிகழ்ச்சி நடந்த ஆண்டை அடுத்து 50 ஆண்டுகள் உரிமை உண்டு. இந்த மூன்றாவது உரிமை 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தினால்தான் நம் சட்டத்திலே இடம்பெற்றது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தமோ, தம் நிகழ்ச்சிக்குத் தாமே உரியவர் என்று அறிவிக்கப்பட வேண்டுமெனக் கோரவும், தம் கௌரவத்துக்குப் பங்கம் வரும்படி அதைத் திரித்தால் தடுக்கவும் கலைஞருக்கு அதிகாரம் கொடுத்தது. ஆகவே, உன் கைபேசியால் நீ செய்த பதிவு உன்னுடையது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதில் ஒலிக்கும் குரல் பாடியவளுடையது. அவளுடைய சம்மதமின்றி அதை ஊரறிய வெளியிட்டிருந்தால், உன் பதிவை எடுத்தவர் உனக்குச் செய்த தீங்கை நீ அவளுக்கு முன்னதாகவே செய்துவிட்டாய் என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி அந்தப் பாட்டு இருக்கிறதே, அது யாருடையது? இயற்றியவர் பெயர் ஒருவருக்கும் தெரியாது. பாட்டிக்கு அவள் பாட்டி சொல்லித் தந்தது என்பார்கள். தனி ஆசிரியரைத் தேடும் சட்டம், ஆசிரியர் இல்லாத இடத்தில் வெறுங்கையோடு திரும்பிவிடுகிறது. ஒரு மலையூர் முழுவதும் சேர்ந்து தலைமுறை தலைமுறையாகப் பேணிய செல்வத்துக்கு அந்த ஊரையே உடையவராக அங்கீகரிக்கும் ஏற்பாடு பதிப்புரிமைச் சட்டத்தில் இல்லை. எனவே அந்தப் பாட்டை யார் வேண்டுமானாலும் பாடலாம், மெருகேற்றலாம், விற்கலாம். சட்டம் கைவிட்ட இந்த இடத்திலேதான் உன்னைப் போன்றவர்களுடைய தர்மம் தொடங்குகிறது.

உங்கள் மலையிலேயே இதற்கு ஒரு திருஷ்டாந்தம் உண்டு. காவலூர் வானாய்வகத்தில் 1988-ஆம் ஆண்டு ஒரு சிறுகோளை ஆர். ராஜமோகன் கண்டுபிடித்தார், அதற்குக் கணிதமேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது. கண்டவருக்குப் புகழ் கிடைத்தது, பெயர் சூட்டும் பெருமை கிடைத்தது. ஆனால் அந்தக் கோள் கண்டவருக்குச் சொந்தமாகிவிடவில்லை. உங்கள் ஊர்ப் பாட்டை முதன்முதலாகப் பதிவு செய்தவன் என்ற கீர்த்தி உனக்கு நியாயமாக உரியது. அதற்கு மேற்பட்ட உரிமையை நீ கேட்டுப் பெற வேண்டுமேயன்றி, தானாக வந்தது என்று எண்ணலாகாது.

சேகரிப்பவர் பெயர் நின்று பாடியவர் பெயர் மறைவது நம் நாட்டில் பழைய கதை. பெர்சி மாக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி திரட்டிய நாட்டுப் பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, 1958-இல் 'மலையருவி' என்ற பெயரோடு தஞ்சை சரசுவதி மகால் வெளியிட்டது. திரட்டியவரையும் பதிப்பித்தவரையும் நாம் நன்றியோடு நினைக்கிறோம், நினைக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பாட்டுகளைப் பாடிக் காட்டிய ஆண் பெண்களுள் ஒருவர் பெயரையாவது சட்டென்று சொல்லக்கூடியவர் நம்மிடையே எத்தனை பேர்? ஏட்டில் எழுதிக்கொண்டு போன அந்தக் காலத்தில் அதற்கு ஏதேனும் சமாதானம் இருந்திருக்கலாம். முகமும் குரலும் ஊரும் நாளும் ஒருங்கே பதியும் சாதனத்தைக் கையில் வைத்திருக்கும் உனக்கு அந்தச் சமாதானம் கிடையாது.

ஆகவே முதற்காரியமாகச் சம்மதம் கேள். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில், பாடுகிறவர்களுக்குப் புரியும் பேச்சிலே, மூன்று விஷயங்களைச் சொல்: இதை எங்கே வெளியிடப் போகிறாய், வருமானம் வந்தால் எப்படிப் பங்கிடுவாய், யார் பெயரை எவ்வாறு குறிப்பிடுவாய். எழுதப் படிக்கத் தெரிந்தவரிடம் ஒரு பக்கத் தாளில் கையெழுத்து வாங்கு. தெரியாதவருடைய வாய்மொழியையே பதிவின் தொடக்கத்தில் பதிந்துகொள். சாவு வீட்டிலும் சாமி முன்னிலையிலும் மட்டுமே பாடப்படும் பாட்டுகள் உண்டு. அவற்றை வெளியிட வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், எத்தனை லட்சம் பேர் பார்க்கக்கூடியதாயினும், வெளியிடாதே. அந்த மறுப்பையும் சேர்த்து மதிப்பதே சம்மதம் கேட்பதன் இலக்கணம்.

இரண்டாவதாக, நீ நிற்கும் மேடையின் இயல்பை அறிந்துகொள். பதிவை ஏற்றும் கணத்தில் நீ 'சம்மதம்' என்று தொட்டுவிட்டுப் போகும் நிபந்தனைகளின்படி, உன் படைப்பை உலகமெங்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் உரிமத்தை அந்த நிறுவனத்துக்கு நீயே அளிக்கிறாய்; உரிமை உன்னிடமே இருக்கிறது, ஆனால் மேடை அவர்களுடையது. 2007 முதல் அங்கே கன்டென்ட் ஐடி என்ற ஒரு யந்திர ஏற்பாடு நடந்து வருகிறது. பெரிய உரிமையாளர்கள் தங்கள் ஒலிப்பதிவுகளை அதனிடம் ஒப்படைத்திருப்பார்கள். புதிதாக ஏறுவது எதுவாயினும் அவற்றோடு ஒத்துப் பார்த்து, ஒப்புமை கண்டால் அந்த யந்திரம் உரிமைகோரல் எழுப்பிவிடும். உங்கள் ஊர் மெட்டையே ஓர் இசை நிறுவனம் வாத்தியங்கள் சேர்த்துப் பதிவு செய்து அதனிடம் கொடுத்திருந்தால், மூல ஊரின் குரலே நகல் என்று முத்திரை குத்தப்பட்டு, அதன் வருமானம் வேறொருவர் கணக்குக்குப் போகவும் கூடும். யந்திரத்துக்கு ஒலி தெரியும், சரித்திரம் தெரியாது. நீ ஆட்சேபித்தால் உரிமை கோரியவர் 30 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. அப்போது உனக்குத் துணையாக நிற்பவை தேதியோடு கூடிய மூலப்பதிவும் சம்மதத் தாளுமே அன்றி உன் கோபமன்று.

அந்த மூலப்பதிவு இணையத்தில் மட்டும் இருக்குமாயின் அது உன்னிடம் இல்லை என்றே எண்ணிக்கொள். 90 நாட்களுக்குள் மூன்று முறை பதிப்புரிமை மீறல் எச்சரிக்கை வந்தால் கணக்கே நீக்கப்படும். அதனோடு உன் உழைப்பும் மறையும். சுருக்காத முழு அளவுக் கோப்பை இரண்டு வெவ்வேறு வன்தட்டுகளில் வை. ஒன்று உன் வீட்டில் இருக்கட்டும், மற்றொன்று மலையடிவாரத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும். 1982-இல் தொடங்கப்பட்டு இப்போது குருகிராமத்தில் இயங்கும் இசைமரபு ஆவணக்காப்பகம் போன்ற இடங்களில், பாடியவர்களின் சம்மதத்தோடு, ஒரு பிரதியை ஒப்படைக்கவும் யோசித்துப் பார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உன் பதிவை எடுத்தவர்மீது நீ செய்யக்கூடியது உண்டு. சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படியும் 2013-ஆம் ஆண்டு விதிகளின்படியும் நீ எழுத்து மூலம் முறையிட்டால், அந்த மேடையை நடத்துவோர் 36 மணி நேரத்துக்குள் அந்தப் பதிவைப் பிறர் காணாதபடி செய்ய வேண்டும். 21 நாட்களுக்குள் நீ நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிடில் அவர்கள் அதை மறுபடி திறந்துவிடலாம். எதிராளி எந்த ஊரில் இருந்தாலும் நீ வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருவண்ணாமலை மாவட்ட நீதிமன்றத்திலேயே, வழக்குத் தொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. பதிப்புரிமையைப் பதிவு செய்வது கட்டாயமன்று. ஆயினும் பதிவேடு முதல்நிலைச் சான்றாக ஏற்கப்படும் என்பதால், ஒலிப்பதிவுக்குரிய 2000 ரூபாய்க் கட்டணம் உனக்குச் சுமையல்லவெனில், முக்கியமான ஒன்றிரண்டைப் பதிவு செய்வது புத்திசாலித்தனம்.

திருடனைக் காட்டிலும் நீ அதிகமாக அஞ்ச வேண்டியது, புன்னகையோடு ஒப்பந்தத் தாளை நீட்டுபவரையே. இதற்குப் பாரதியார் பாடல்களின் கதையே சான்று. அவர் 1921-இல் காலமானபோது வானொலியும் தமிழ்ப் பேசும்படமும் இந்நாட்டில் பிறக்கவே இல்லை. பின்னர் அவர் பாடல்களை ஒலிவடிவில் வழங்கும் உரிமை மட்டும் தனியே பிரிந்து கைமாறி, முடிவில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. 1947-இல் வெளிவந்த அவருடைய 'நாம் இருவர்' படத்தில் அப்பாடல்கள் ஒலித்தன. மறு ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு இடம்பெற்றபோது உரிமைத் தகராறு எழுந்தது. மகாகவியின் பாட்டைப் பாடத் தனி ஒருவரின் அனுமதி வேண்டுமா என்ற குரல் நாடெங்கும் கிளம்பி, 1949-இல் அரசாங்கமே அவ்வுரிமைகளை ஏற்றது. செட்டியாரும் விலை பெறாமலே தம் பங்கை விட்டுக்கொடுத்தார். பாரதியாருக்கு நாடு திரண்டு எழுந்தது. சாமைக் கொல்லைப் பாட்டுக்கு எழுமா?

ஆகையால் எதிலும் கையெழுத்திடுமுன் சட்டம் உனக்குத் தந்திருக்கும் ஆயுதங்களை அறிந்துகொள். உரிமை மாற்றம் எழுத்திலே இருந்தால்தான் செல்லும். காலம் குறிக்காவிடில் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிக்காவிடில் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். கையெழுத்திட்ட நாளில் வழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கு அந்த மாற்றம் பொருந்தாது என்கிறது 2012-ஆம் ஆண்டுத் திருத்தம். அவ்வூடகத்தை ஒப்பந்தமே தனியாகக் குறிப்பிட்டிருந்தால்தான் விதிவிலக்கு. ஆகவே 'எக்காலமும், எவ்விடமும், இனி வரும் எவ்வூடகமும்' என்று எழுதியிருந்தால் பேனாவை மூடிவிடு. புகழ் வந்தால் பொருளும் தானே வரும் என்ற பிரமையும் வேண்டாம். 2021-இல் வெளியான 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டு யூடியூபில் நாற்பது கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டது. அதிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024-இல் பகிரங்கமாகக் கூறினார். அதே பாட்டைக் குறித்து ஒரு பத்திரிகையின் அட்டையில் அதை எழுதிப் பாடிய கலைஞர் அறிவின் உருவம் இடம்பெறாதபோது எழுந்த விவாதமும், பெயர் என்பது பணத்துக்குச் சற்றும் குறையாத உடைமை என்பதைக் காட்டிற்று.

கடைசியாக ஒன்று. நீ படத்தொகுப்புக்கு உபயோகிக்கும் மென்பொருள் விலை கொடுத்து வாங்கியதுதானா? பூட்டை உடைத்த பிரதியாயின், அதை அறிந்தே பயன்படுத்துவோருக்கு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு என்று அதே சட்டத்தின் 63பி பிரிவு சொல்கிறது. தண்டனையை விட்டுத் தள்ளு. தன் உழைப்புக்கு மரியாதை கேட்பவன் பிறர் உழைப்பை அவமதிக்கலாமா? ஒலிக்கு ஆடாசிட்டி, படத்துக்குக் கேடென்லைவ் என்று, ஆக்கியவர்களே மனமுவந்து உலகுக்கு அளித்த மென்பொருள்கள் இருக்கின்றன. உன் வேலைக்கு அவை தாராளமாகப் போதும். அவர்களைப் போலவே நீயும், ஊரார் இசைந்தால், சில பதிவுகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ், பெயர் குறிப்பிட்டால் எவரும் எடுத்தாளலாம் என்று விட்டுவிடலாம். தானமும் உரிமை உள்ளவன் செய்வதே.

எனவே, தம்பி, முதலில் அந்தக் கூத்தர்களிடமும் அந்தப் பெண்களிடமும் போய்ச் சம்மதம் கேள்; அவர்கள் பெயர்களைப் பதிவின் தலைப்பிலே எழுது; வரும் வருமானத்தில் அவர்கள் பங்கைக் கணக்கெழுதிக் கொடு. அதன் பிறகு, உன் பதிவைத் திருடியவருக்கு நோட்டீஸ் அனுப்பு. இந்த வரிசை மாறலாகாது.

இப்படிக்கு,
உன் நலம் விரும்பும் அண்ணன்