இந்தச் செய்தி உங்களிடம் ஏன் வந்தது?

ஒரே வீட்டில், ஒரே செயலியில், அப்பாவுக்கு வரும் செய்தி வேறு. மகளுக்கு வரும் செய்தி வேறு. இந்தத் தேர்வு எப்படி நடக்கிறது என்று அறிவது வாசகரின் உரிமை. அந்த உரிமையைக் கேட்கவிடாமல் தடுக்கும் நம்பிக்கைகள் சில உண்டு.

நம்பிக்கை: முதலில் வருவதே முக்கியமான செய்தி.

உண்மை: நாளிதழின் முதல் பக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான். செயலியிலோ, நீங்கள் எதைத் தொடுவீர்கள் என்ற கணிப்புக்கு வரிசையில் பெரும் பங்கு உண்டு. 2017இல் ஃபேஸ்புக், கோபக் குறி உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்கு ‘லைக்’கைவிட ஐந்து மடங்கு மதிப்பு கொடுத்தது. பொதுமக்களுக்கு இது தெரியவந்தது 2021இல், நிறுவனத்தின் உள் ஆவணங்கள் கசிந்த பிறகுதான். வாசகருக்குச் சொல்லாமலே அவர் படிப்பதை மாற்ற முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நம்பிக்கை: நான் லைக் போடுவதில்லை, செயலிக்கு என்னைப் பற்றி எதுவும் தெரியாது.

உண்மை: எந்தச் செய்தியைத் திறந்தீர்கள், எவ்வளவு நேரம் படித்தீர்கள், எதைத் தேடினீர்கள், எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பவையும் கணக்கில் சேரக்கூடும். மௌனமாகப் படிப்பவரும் தடம் விட்டே செல்கிறார்.

நம்பிக்கை: நிரலை வெளியிட்டால் எல்லாம் வெளிப்படை.

உண்மை: 2023 மார்ச்சில் ட்விட்டர் தன் பரிந்துரை நிரலின் ஒரு பகுதியை வெளியிட்டது. அந்த நிரலுக்குக் கணிக்கக் கற்றுத்தந்த பயிற்சித் தரவுகள் அதில் இல்லை. நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளும் வாசகர்களும் வெகு சிலரே. “நீங்கள் கிரிக்கெட் செய்திகளை அடிக்கடி படிப்பதால் இது வந்தது” என்ற ஒரு வரியும், அதை நிறுத்த ஒரு பொத்தானும்தான் மற்றவர்களுக்குப் பயன்படும்.

நம்பிக்கை: இது வியாபார ரகசியம், சட்டம் தலையிட முடியாது.

உண்மை: ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டப்படி, இணையத் தளங்கள் தங்கள் பரிந்துரையின் முக்கிய அளவுகோல்களை எளிய மொழியில் சொல்ல வேண்டும். அங்கே மாதம் 4.5 கோடிப் பயனர்களுக்குக் குறையாத பெரிய தளங்கள், பயனரின் விவரங்களைச் சாராத ஒரு வரிசையையும் தர வேண்டும். மீறினால் உலகளாவிய ஆண்டு வருவாயில் 6 சதவீதம் வரை அபராதம் உண்டு. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவுக்கு ஒப்புதல் கேட்கச் சொல்கிறது. செய்தி வரிசைக்குக் காரணம் சொல்லும் கடமையை விதிக்கவில்லை.

அந்தக் கடமை இங்கும் சட்டமாக வேண்டும். அதுவரை உங்கள் செயலியின் அமைப்புகளைத் திறந்து, உங்களைப் பற்றி அது என்ன சேமித்திருக்கிறது என்று பாருங்கள், வேண்டாததை அணைத்துவிடுங்கள். நாளுக்கு ஒரு முறையாவது, நீங்களே தேர்ந்தெடுத்த இதழை நேரடியாகத் திறந்து படியுங்கள்.