மண்ணில் எழுதிய வட்டங்கள்

அயர்லாந்து நாட்டின் புல்வெளிகளில் வட்ட வடிவ மண்கரைகள் பல காணப்படுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை ஏறத்தாழ கி.பி. 500 முதல் 1000 வரை வேளாண் குடும்பங்கள் வாழ்ந்த இருப்பிடங்கள். அகழி தோண்டி எடுத்த மண்ணையே உட்புறம் கரையாக உயர்த்தினர். நடுவே வீடுகளை அமைத்தனர். ஆநிரையே செல்வமாக விளங்கிய அக்காலத்தில், கவர்வோரிடமிருந்து அதனைக் காக்க இவ்வரண் உதவியது. சிலவற்றில் உணவைச் சேமிக்கவும் ஒளிந்துகொள்ளவும் நிலவறைகள் இருந்தன. மண்ணால் ஆனதை ‘ராத்’ என்றும் கல்லால் ஆனதைக் ‘கேஷல்’ என்றும் அழைப்பர்.

இத்தகைய இடங்கள் 40,000க்கும் மேல் அறியப்பட்டுள்ளன. இவை எஞ்சியதற்கு மக்களின் நம்பிக்கையும் ஒரு காரணமாகும். அங்கு மாயத் தேவதைகள் உறைவதாக எண்ணிய உழவர்கள், அக்கரைகளைச் சிதைக்க அஞ்சினர். அவ்வச்சம் குறைந்து எந்திரங்கள் பெருகியபோது பல வட்டங்கள் சமன் செய்யப்பட்டன. 1930ஆம் ஆண்டின் தேசிய நினைவுச்சின்னச் சட்டம் தொல்லிடங்களுக்குக் காப்பளித்தது. பதிவேட்டில் உள்ள இடத்தில் பணி தொடங்க விரும்புவோர் இரண்டு மாதங்களுக்கு முன்பே எழுத்து வழியாக அரசுக்கு அறிவித்தல் வேண்டும் என 1994ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது.

ஆயினும் வயல் நடுவே உள்ள கரையை நாள்தோறும் காப்பவர் உழவரே. அரசர் வரலாற்றை ஏடுகள் கூறும். எளியோர் வாழ்வை இம்மண்ணே கூறும். அழிந்தபின் அதனை மீண்டும் படித்தல் இயலாது.