ஒட்டுறவு எண்ணை நம்பும் முன்

வேளாண் ஆய்வேடு எதைப் புரட்டினாலும் ஒட்டுறவு அட்டவணை ஒன்று கண்ணில் படும். செடியின் உயரம், தூர்களின் எண்ணிக்கை, கதிரின் நீளம், ஆயிரம் மணி எடை, விளைச்சல் என்று பண்புகள் மேலும் பக்கவாட்டிலும் வரிசையாக இருக்கும். கட்டத்துக்குக் கட்டம் மூன்று தசம இடத்தில் ஓர் எண். சில எண்களின் தலையில் ஒரு நட்சத்திரம், சிலவற்றில் இரண்டு. ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டு அறிக்கைகளிலும் இதே அட்டவணைதான், பண்புகளின் பெயர்கள் மட்டும் வேறு. நட்சத்திரம் விழுந்ததும் உறவு நிரூபணமாகிவிட்டது என்று எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறோம். இத்தகைய அட்டவணைகளோடு பழகிப் பழகி நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு இதுதான்: ஒட்டுறவுக் கெழுவை இயற்கையின் நிலையான அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது நாம் திரட்டிய தரவின் பண்பு. எந்த ரகங்களில், எவ்வளவு வீச்சில், எத்தனை ஆண்டுகளில் அளந்தோம் என்பது மாறினால் கெழுவும் மாறும். எனவே தரவு எப்படி வந்தது என்று கேட்பதுதான் இந்தப் பகுப்பாய்வின் பெரும்பகுதி. கணக்கிடுவது அதன் கடைசிப் படி.

முதல் பாடம், கணக்கிடும் முன் சிதறல் படத்தை வரைவது. 1973-இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் என்ற புள்ளியியலாளர் நான்கு சிறு தரவுத் தொகுதிகளை உருவாக்கிக் காட்டினார். ஒவ்வொன்றிலும் பதினொரு புள்ளிகள். நான்கிலும் சராசரிகள் ஒன்றே, கெழுவும் ஏறத்தாழ 0.816 தான். வரைந்து பார்த்தால் முதலாவது சாதாரணச் சிதறல். இரண்டாவது தெளிவான வளைகோடு. மூன்றாவதில் நேர்கோட்டை விட்டு விலகிய ஒரே ஒரு புள்ளி. நான்காவதில் தனியாக நிற்கும் ஒரு புள்ளிதான் உறவு முழுவதையும் உண்டாக்குகிறது. நம் வயல்களில் வளைகோடு மிகச் சாதாரணம். நெல்லுக்குத் தழைச்சத்தைக் கூட்டக் கூட்ட விளைச்சல் ஏறும்; ஓர் அளவுக்குப் பின் நிற்கும்; அதற்கு மேலும் போட்டால் பயிர் சாயும், நோய் தாக்கும், விளைச்சல் இறங்கும். இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் சம அளவில் உள்ளடக்கிய சோதனையில் கெழு பூஜ்யத்தை ஒட்டி வரலாம். தழைச்சத்துக்கும் விளைச்சலுக்கும் உறவில்லை என்று அதை வாசித்தால், பயிர்ச் சாகுபடியின் அடிப்படை அறிவையே மறுப்பதாகும். வளைந்தாலும் ஒரே திசையில் போகும் உறவுக்கு ஸ்பியர்மன் 1904-இல் தந்த தர ஒட்டுறவு உதவும். ஏறி இறங்கும் உறவுக்கு எந்த ஒட்டுறவுக் கெழுவும் போதாது. வளைகோட்டையே பொருத்திப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது பாடம் வீச்சைப் பற்றியது. தொழிற்சாலை ஆய்வில் இதுதான் அதிகம் ஏமாற்றுகிறது. ஒரு நூற்பாலை, பஞ்சிழையின் நுண்மையைக் காட்டும் மைக்ரோனேர் அளவைக் குறுகிய எல்லைக்குள் வைத்தே வாங்கிக் கலக்கிறது என்று கொள்வோம். அந்த ஆலையின் ஓராண்டுப் பதிவுகளை எடுத்து மைக்ரோனேருக்கும் நூலின் வலிமைக்கும் ஒட்டுறவு பார்த்தால் பெரிதாக ஒன்றும் வராது. “உறவே இல்லை, பிறகு ஏன் இவ்வளவு சிரமப்பட்டுக் கட்டுப்படுத்துகிறோம்?” என்ற கேள்வி உடனே எழும். கட்டுப்பாடு நன்றாக நடப்பதால்தான் அங்கே உறவு தெரியவில்லை. மாறாத ஒன்றால் வேறொன்றின் மாற்றத்தை விளக்க முடியாது. இதன் மறுபக்கமும் உண்டு. மிகத் தாழ்ந்த பஞ்சையும் மிக உயர்ந்த பஞ்சையும் மட்டும் பொறுக்கியெடுத்துச் சோதித்தால், நடுவில் உள்ளவை இல்லாததால் கெழு ஊதிப் பெரிதாகும். பஞ்சும் இயந்திரமும் அவையேதான், வீச்சு மட்டும் வேறு. ஆகவே கெழுவை எழுதும் ஒவ்வோர் இடத்திலும் அந்தப் பண்பின் குறைந்த அளவு, கூடிய அளவு, திட்ட விலக்கம் ஆகியவற்றைப் பக்கத்திலேயே எழுதுவதை விதியாகக் கொள்ளலாம். வீச்சு தெரியாத இரண்டு கெழுக்களை ஒப்பிட்டு எந்த முடிவுக்கும் வர இயலாது.

மூன்றாவது, குழுக்களைக் கலப்பது. ஆடுதுறை 43 போன்ற குறுகிய கால நெல் ரகங்களையும் சி.ஆர். 1009 போன்ற நீண்ட கால ரகங்களையும் ஒரே சோதனையில் வைத்து, பூக்கும் நாளுக்கும் விளைச்சலுக்கும் ஒட்டுறவு கண்டால் நேர்மறையாக வருவதில் வியப்பில்லை. வயலில் அதிக நாள் நிற்கும் ரகங்கள் பொதுவாக அதிகம் விளைகின்றன. ஆனால் குறுகிய கால ரகங்களுக்குள் மட்டும் பார்க்கும்போது, தாமதமாகப் பூப்பதால் எந்த ஆதாயமும் இல்லாமல் போகலாம். உறவு எதிர்மறையாகவும் திரும்பலாம். கலந்த கெழுவை நம்பிக் குறுவைக்கு ரகம் தேர்ந்தெடுத்தால் தேர்வு தவறும். சராசரிகளைக் கொண்டு கணக்கிடுவதும் இதே வகைப் பிழைதான். 1950-இல் வில்லியம் ராபின்சன் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை வைத்து இதைக் காட்டினார். வெளிநாட்டில் பிறந்தோரின் விகிதத்துக்கும் எழுத்தறிவின்மைக்கும் மாநில அளவில் ஒட்டுறவு –0.53, தனிமனித அளவில் +0.12. குறியே மாறிவிட்டது. மாவட்டச் சராசரிகளில் கண்ட உறவைத் தனி விவசாயியின் வயலுக்குப் பரிந்துரையாக எழுதுவோர் இந்த இரண்டு எண்களை நினைவில் வைக்க வேண்டும். இதோடு சேர்த்து, விகிதங்களையும் கவனிக்க வேண்டும். அறுவடைக் குறியீடு என்பது மணி விளைச்சலை மொத்த எடையால் வகுத்தது. அதற்கும் விளைச்சலுக்கும் ஒட்டுறவு பார்த்தால், இரண்டிலும் விளைச்சலே ஒளிந்திருப்பதால் உறவின் ஒரு பகுதி நாமே செய்து வைத்தது. விகிதங்களின் இந்த ஆபத்தைக் கார்ல் பியர்சன் 1897-லேயே எச்சரித்திருக்கிறார்.

நான்காவது, காலம். 1926-இல் உட்னி யூல், இங்கிலாந்தில் 1866 முதல் 1911 வரையிலான தரவை எடுத்துக்கொண்டு, திருச்சபை முறைப்படி நடந்த திருமணங்களின் விகிதத்துக்கும் இறப்பு விகிதத்துக்கும் 0.95 ஒட்டுறவு இருப்பதைக் காட்டினார். இரண்டுமே அக்காலத்தில் குறைந்துகொண்டு வந்தவை. அவற்றுக்கிடையே வேறு தொடர்பில்லை. பசுமைப் புரட்சிக்குப் பிந்தைய நம் புள்ளிவிவரங்களில் உரப் பயன்பாடு, மின்மோட்டார்கள், டிராக்டர்கள், நெல் உற்பத்தி என எல்லாமே ஏறுமுகம். இவற்றில் எந்த இரண்டைச் சேர்த்தாலும் கெழு உயரும். ரோதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1843 முதல் கோதுமை பயிரிட்டு வரும் பிராட்பாக் வயலின் பதிவுகளை ஆராய்ந்த ரொனால்ட் ஃபிஷர், பல ஆண்டுகளாக மெல்ல நடக்கும் மாற்றத்தை முதலில் தனியே பிரித்தெடுத்தார். எஞ்சிய ஆண்டுக்கு ஆண்டு ஏற்றத்தாழ்வையே மழையோடு பொருத்தினார். நூறாண்டு கடந்தும் அந்த வரிசைமுறையே சரியானது. போக்கை நீக்குங்கள், அல்லது ஒவ்வோர் ஆண்டின் மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் உறவு நின்றால்தான் அதைப் பற்றிப் பேசலாம்.

இத்தனை எச்சரிக்கையும் தேவையா என்று கேட்பவர்களுக்குப் பருவமழை முன்னறிவிப்பின் வரலாறே பதில். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை வகித்த கில்பர்ட் வாக்கர், உலகெங்கும் உள்ள காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றுக்கிடையே ஏராளமான ஒட்டுறவுகளைக் கணக்கிட்டார். பசிபிக் பகுதிக்கும் இந்தியப் பெருங்கடல் பகுதிக்கும் இடையிலான அழுத்த ஊசலாட்டத்தை உலகம் அறிந்தது அந்த உழைப்பால்தான். நூற்றுக்கணக்கான கெழுக்களில் மிகப் பெரியதைப் பொறுக்கியெடுக்கும்போது தற்செயலும் சேர்ந்தே வரும் என்பதை உணர்ந்து, அதை எப்படி மதிப்பிடுவது என்று 1914-லேயே எழுதியவரும் அவரே. 1988-இல் பதினாறு காரணிகளைக் கொண்ட முன்னறிவிப்பு முறை இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. 2002-இல் இயல்பான மழை என்று அறிவிப்பு வந்தது. பெய்ததோ நீண்டகாலச் சராசரியில் 81 விழுக்காடு. அடுத்த ஆண்டே காரணிகளை மறுபரிசீலனை செய்து முறையை மாற்ற வேண்டியிருந்தது. எல் நினோ ஆண்டில் மழை குறையும் என்ற உறவும் நிரந்தரமானதன்று. இருபதாம் நூற்றாண்டின் மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று நிகழ்ந்த 1997-இல் மழை இயல்பை ஒட்டியே பெய்தது. பழைய தரவில் பிறந்த ஒட்டுறவு, புதிய ஆண்டில் நிற்கிறதா என்று சோதிக்கப்படும் வரை ஊகம்தான். ஒரு பகுதித் தரவைத் தொடாமல் ஒதுக்கி வைத்து, கண்ட உறவை அதில் சோதித்துப் பார்ப்பது ஆய்வு மாணவராலும் செய்யக்கூடிய காரியம்.

நட்சத்திரங்களைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு பண்புகளை அளந்தால் 66 இணைகள் கிடைக்கும். எந்த உறவுமே இல்லாவிட்டாலும், 5 விழுக்காட்டு மட்டத்தில் சராசரியாக மூன்றுக்கு மேல் நட்சத்திரங்கள் தற்செயலாகவே விழும். பத்து ரகங்களை வைத்துக் கெழு 0.70 என்று வந்தால் நட்சத்திரம் உண்டு. ஆனால் உண்மை மதிப்பின் 95 விழுக்காட்டு நம்பக எல்லை ஏறத்தாழ 0.13 முதல் 0.92 வரை நீள்கிறது. அதாவது உறவு மிக அற்பமாகவும் இருக்கலாம், மிக வலுவாகவும் இருக்கலாம். அதே 0.70 நூறு ரகங்களிலிருந்து வந்தால் எல்லை 0.58 முதல் 0.79 வரை சுருங்கும். எதிர்முனையில், உணரிக் கருவிகள் ஆயிரம் பதிவுகளைக் கொட்டும் ஆலையில் 0.07-க்கும் நட்சத்திரம் கிடைத்துவிடும். அது விளக்கும் மாறுபாடோ அரை விழுக்காடு. எனவே நட்சத்திரத்துக்குப் பதிலாக நம்பக எல்லையை அச்சிடுவது வாசகருக்குச் செய்யும் நேர்மையான உதவி. பத்து ரகங்களை மூன்று முறை திரும்ப நட்டுவிட்டு முப்பது தனித்தனிப் பதிவுகள் என்று கணக்கில் காட்டுவதையும் நிறுத்த வேண்டும். ரகங்கள் பத்துதான்.

கருவிகளை ஒப்பிடும்போது ஒட்டுறவைக் கையில் எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை எண்ணிப் பாருங்கள். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பொது வரம்பு. அங்குள்ள ஈரப்பதமானி ஒன்று, அடுப்பில் உலர்த்திக் கண்ட உண்மை அளவைவிட எப்போதும் 2 புள்ளி கூட்டிக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 15 என்பது 17, 17 என்பது 19. இரண்டு அளவுகளுக்கும் ஒட்டுறவு மிகச் சரியாக 1. கருவி பிரமாதம் என்று அறிக்கை எழுதிவிடலாம். விற்கத் தகுதியான 16 விழுக்காட்டு நெல்லைக் கொண்டுவந்தவரோ அதே கருவியால் திருப்பி அனுப்பப்படுவார், மீண்டும் தார்ச்சாலையில் கொட்டி உலர்த்துவார். இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறி இறங்குவது வேறு, ஒத்துப்போவது வேறு. மார்ட்டின் பிளாண்டும் டக்ளஸ் ஆல்ட்மனும் 1986-இல் மருத்துவ அளவீடுகளுக்காக இதைத் தெளிவாக்கினார்கள்: இரு அளவுகளின் வித்தியாசத்தை அவற்றின் சராசரிக்கு எதிரே வரைந்து, வித்தியாசம் எந்த எல்லைக்குள் கிடக்கிறது என்று பாருங்கள். வயலில் இலை வண்ண அட்டையையும் பச்சையமானியையும் ஆய்வகச் சோதனையோடு ஒப்பிடுவோருக்கு அந்த மருத்துவக் கட்டுரையின் அடிப்படைக் கேள்வி அப்படியே பொருந்தும்.

இவ்வளவு குறை இருந்தால் ஒட்டுறவை விட்டுவிடலாமே, அது காரணத்தைக் காட்டாது என்பது ஊரறிந்த பாடம்தானே என்று ஒரு தரப்பு சொல்லும். அதை நான் ஏற்கவில்லை. எல்லா வேலைக்கும் காரணம் தேவைப்படுவதில்லை. கரும்பு வயலில் கைப் பிரிக்ஸ்மானியில் ஒரு துளிச் சாற்றை விட்டுப் பார்த்து முதிர்ச்சியைக் கணிப்பவருக்கு, பிரிக்ஸ் சர்க்கரையைக் கூட்டுகிறதா என்ற கேள்வியே இல்லை. இரண்டும் அந்த வயலில் சேர்ந்து மாறினால் போதும். விளைச்சலை நேரடியாக அளக்க முடியாத தலைமுறையில் வேறொரு பண்பை வைத்துச் செடிகளைத் தேர்ந்தெடுக்கும் பயிர்ப்பெருக்க அறிஞருக்கும் அப்படியே. காரணம் தேவைப்படும் இடத்திலும் ஒட்டுறவை ஏளனமாகத் தள்ளுவது ஆபத்து. 1950-இல் ஆய்வாளர்கள் டாலும் ஹில்லும் புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டிய பிறகும், அதைக் காரணமாக ஏற்க மறுத்தவர்களில் அதே ஃபிஷரும் ஒருவர். நவீனப் புள்ளியியலின் பெரும்பகுதியைக் கட்டியெழுப்பியவர் அந்த விஷயத்தில் தவறான பக்கம் நின்றார். தொடர்பு பல இடங்களில் திரும்பத் திரும்பக் கிடைக்கிறதா, அளவு கூடினால் விளைவு கூடுகிறதா, காரணம் விளைவுக்கு முந்துகிறதா என்று ஹில் 1965-இல் வரிசைப்படுத்திய கேள்விகள், சோதனை செய்ய இயலாத இடங்களில் இன்றும் வழிகாட்டுகின்றன.

இன்னொரு தரப்பு, பாதைப் பகுப்பாய்வு செய்துவிட்டால் காரணச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நம்புகிறது. சீவால் ரைட் 1921-இல் முன்வைத்த முறை அது. 1959-இல் ஆய்வாளர்கள் டூவியும் லூவும் ஒரு தீவனப்புல்லின் விதை உற்பத்திக்குப் பயன்படுத்திய பின் பயிர்ப்பெருக்க ஆய்வுகளில் பரவியது. நேரடி விளைவு, மறைமுக விளைவு என்று அது பிரித்துத் தருவது உண்மை. ஆனால் எந்தப் பண்பிலிருந்து எந்தப் பண்புக்கு அம்பு போகிறது என்பதை ஆய்வாளர்தான் வரைகிறார். அந்த அம்பு தாவர உடலியல் அறிவிலிருந்து வந்திருந்தால் பலன் உண்டு. கணினி நிரலில் எல்லாப் பண்புகளையும் விளைச்சலுக்கு நேராகத் திருப்பிவிட்டால், ஒட்டுறவு அட்டவணையின் குறைகள் அத்தனையும் வேறு பெயரில் திரும்பி வரும்.

நேரமில்லை, இதழ்கள் இவ்வளவு கேட்பதில்லை என்ற சமாதானம் மிச்சம். இதற்கு ஆகும் செலவு அட்டவணைக்குக் கீழே ஐந்தாறு வரிகள்தான். தரவு எங்கே, எப்போது திரட்டியது. ரகங்கள் அல்லது மாதிரிகள் உண்மையில் எத்தனை. ஒவ்வொரு பண்பின் வீச்சு. குழுக்களைப் பிரித்துப் பார்த்தபோது உறவு நின்றதா. போக்கை நீக்கியபோது நின்றதா. மொத்தம் எத்தனை இணைகளைச் சோதித்தோம். இவற்றை எழுதத் தொடங்கியவர் கணக்கிடும் முன்பே இவற்றைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார். சோதனையைத் திட்டமிடும் நாளிலேயே வீச்சைப் போதுமான அளவுக்கு விரிப்பார், ரகங்களைக் கூட்டுவார், குழுக்களைப் பிரித்து வைப்பார். நம் கெழுக்களை நம்பி யாரோ ஒருவர் ரகம் மாற்றுகிறார், உரத்தைக் குறைக்கிறார், பஞ்சு வாங்குகிறார். அவர்கள் பணம் போடும் அந்த எண் எந்த நிபந்தனையில் உண்மை என்பதையும் சேர்த்துச் சொல்வது ஆய்வாளரின் கடமை.