ஒரே ஆக்சைடு, இரு வேறு முடிவுகள்

வினைவேக மாற்றி என்றால் பெயரும் வாய்பாடும் தெரிந்தால் போதும் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் நடத்தினேன். பன்னிரண்டாம் வகுப்பில் செய்த ஓர் எளிய செயல்பாடு என்னைத் திருத்தியது.

இரண்டு குழுக்களைக் காப்பர் ஆக்சைடு தயாரிக்கச் சொன்னேன். காப்பர் சல்பேட் கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்ததும் நீல வீழ்படிவு வந்தது; சூடாக்கியதும் கறுத்தது. அதை வடிகட்டி, பலமுறை நீரால் கழுவி, உலர்த்தினார்கள். பிறகு அரை கிராம் ஆக்சைடைச் சோப்புக் கரைசல் கலந்த 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் இட்டார்கள். முதல் குழுவின் அளவு ஜாடியில் நுரை நன்றாக ஏறியது. இரண்டாம் குழுவுக்குச் சில குமிழிகள் மட்டுமே வந்தன. அவர்களுடைய பதிவேட்டில் சிவப்பு மையால் 'செய்முறை தவறு' என்று எழுதினேன்.

"எடை எல்லாம் சரிதான் சார். சீக்கிரம் காயட்டும்னு பர்னர் மேல அரை மணி நேரம் வெச்சுட்டோம்" என்றாள் ஒரு மாணவி.

விடை அங்கேதான் இருந்தது. கடும் வெப்பத்தில் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகின்றன. வாய்பாடு மாறுவதில்லை, புறப்பரப்பு குறைகிறது. இதைக் கரும்பலகையில் கணக்காகவே காட்டலாம். 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் புறப்பரப்பு 6 ச.செ.மீ. அதையே 1 மி.மீ. கனசதுரங்களாக வெட்டினால் 60 ச.செ.மீ.

இச்செயல்பாட்டில் எரிதல் இல்லை. ஆனால் ஹைட்ரோகார்பன்களை எரிக்க உதவும் ஆக்சைடுகளுக்கும் இதே கருத்து பொருந்தும். அங்கே ஆக்சைடு தன்னிடமுள்ள ஆக்சிஜனை ஹைட்ரோகார்பனுக்குக் கொடுத்து, காற்றிலிருந்து மீண்டும் பெற்றுக்கொள்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் நடப்பது புறப்பரப்பில்தான். மீத்தேனை எரிக்க உதவும் லாந்தனம் மாங்கனைட்டை எடுத்துக்கொள்வோம். ஆக்சைடுகளை அரைத்துக் கலந்து 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கியும் தயாரிக்கலாம்; உலோக நைட்ரேட்டுகளைச் சிட்ரிக் அமிலத்துடன் கரைத்து, கூழாக்கி, சுமார் 700 டிகிரியிலும் தயாரிக்கலாம். இரண்டாம் முறையில் உலோக அயனிகள் கரைசலிலேயே சீராகக் கலந்துவிடுவதால் குறைந்த வெப்பம் போதும். துகள்களும் நுண்மையாக அமைகின்றன. அதனால் மீத்தேன் குறைந்த வெப்பநிலையிலேயே எரியத் தொடங்கும்.

அப்படியானால் குறைந்த வெப்பத்தில் தயாரிப்பதே எப்போதும் சிறந்ததா? இந்த வினாவை வகுப்பில் கட்டாயம் கேளுங்கள். எரிதல் நடக்கும் இடமே சூடானது. மென்மையாகத் தயாரித்த ஆக்சைடு அங்கே மெல்ல மெல்லத் தன் புறப்பரப்பை இழக்கும். வேகமும் வேண்டும், நீடித்த உழைப்பும் வேண்டும். தயாரிப்பு முறையைத் தேர்வதில் உள்ள சிக்கல் இதுதான்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்கள் ஒரே தயாரிப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை மட்டும் கடுமையாகச் சூடாக்குங்கள். அது முழுவதும் ஆறிய பின்னரே பெராக்சைடில் இடுங்கள். எடை, கரைசலின் அளவு, வெப்பநிலை மூன்றும் சமமாக இருக்கட்டும். கண்ணாடிக் கவசம் கட்டாயம்.

மறுநாள் அந்தச் சிவப்பு வரியை அடித்துவிட்டு, அதே பக்கத்தில் இரு குழுக்களின் நுரை உயரத்தையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னேன். இப்போதெல்லாம் முடிவு மாறிவந்தால், "எப்படித் தயாரித்தீர்கள்?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.