எல்லையில் ஓடும் காருக்கு எந்த வரைபடம்?

கேள்வி: நகரி, சித்தூர், திருப்பதி என்று அடிக்கடி காரில் போகிறோம். தனியாக ஒரு ஜிபிஎஸ் கருவி வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?
— வாசகர், பள்ளிப்பட்டு

பதில்: வாங்கலாம். செல்போன் சிக்னல் இல்லாத இடத்திலும் அது வழி காட்டும். ஆனால் செயற்கைக்கோள் சொல்வது நீங்கள் நிற்கும் இடத்தை மட்டும்தான். சாலையைச் சொல்வது கருவிக்குள் பதிந்திருக்கும் வரைபடம். அட்டைப்பெட்டியில் 'இந்தியா முழுவதும்' என்று போட்டிருப்பதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

பணம் கொடுக்கும் முன் கடையிலேயே கருவியைக் கையில் வாங்கித் தேடிப் பாருங்கள். சென்னையைத் தேட வேண்டாம், அது எல்லாவற்றிலும் இருக்கும். பொதட்டூர்பேட்டை, கார்வேட்டிநகரம், நெடியம் ஆகியவற்றைத் தேடுங்கள். பிறகு பள்ளிப்பட்டிலிருந்து புத்தூருக்கு வழி கேளுங்கள். மாநில எல்லையில் கோடு அறுந்தாலோ, கிராமச் சாலைகளை விட்டுவிட்டு நெடுஞ்சாலையிலேயே சுற்ற விட்டாலோ அந்தக் கருவி உங்களுக்கு வேண்டாம்.

வரைபடம் எந்த ஆண்டுடையது என்றும் கேளுங்கள். திருப்பதி தனி மாவட்டமானது 2022 ஏப்ரலில்தான். இன்னும் சித்தூர் மாவட்டத்தில் காட்டினால் அது பழைய சரக்கு. புதுப்பிப்பு இலவசமா, எத்தனை ஆண்டுக்கு என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் மட்டும் கருவியை நம்ப வேண்டாம். ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்றுத் தரைப்பாலங்கள் மூழ்கிவிடும். பதிந்து வைத்த வரைபடத்துக்கு அது தெரியாது. பாலத்துக்கு முன்பே நிறுத்தி, ஊர்க்காரர்களைக் கேட்டுவிட்டுப் போங்கள்.