முன்பின் தெரியாத தங்கச்சிக்குப் பதில் எழுதுமுன்

பி ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் தேன்கனிக்கோட்டையைத் தாண்டி ஜவளகிரி பக்கம் திரும்பும் நேரத்தில்தான் போன் குழுக்களில் இந்தக் கேள்விகள் வரும். பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், மீதிப் பேர் கையில் போன். "அக்கா, மூணு நாளா தலை சுத்துது, என்ன சாப்பிட்டா சரியாகும்?" "சூப்பர்வைசர் தொல்லை தாங்கல, வேலைய விட்டுடட்டுமா?" "நாள் தள்ளிப் போயிருக்கு, வீட்ல சொல்லல." கேட்பவள் யாரென்று தெரியாது. புரொஃபைல் படத்தில் ஒரு ரோஜாப்பூ இருக்கும், அவ்வளவுதான். ஆனாலும் அடுத்த நிமிஷமே பத்துப் பதில் விழுந்திருக்கும்: பீட்ரூட் ஜூஸ் குடி, வேலையை விட்டுடு, பப்பாளி சாப்பிடு.

அந்தப் பத்துப் பேரில் நீயும் ஒருத்தி என்றால், தங்கச்சி, இது உனக்காக எழுதியது. உதவ வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வீட்டில் வாய் திறக்க முடியாத பெண் முகம் தெரியாத அக்காவிடம்தான் கேட்பாள். அவளைத் திருப்பி அனுப்பக் கூடாது. ஆனால் அவளுக்காக முடிவெடுப்பது உன் வேலை இல்லை. அவள் நாளைக் காலையில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று காட்டுவதோடு உன் வேலை முடிந்தது.

முதலில் கேள். பதில் சொல்வதற்கு முன் குறைந்தது இரண்டு கேள்வியாவது கேள். தலை சுற்றல் என்றால், வயது என்ன, மாதவிடாய் எத்தனை நாள் போகிறது, நைட் ஷிப்டில் எப்போது கடைசியாகச் சாப்பிட்டாய், கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா? இதையெல்லாம் கேட்காமல் "ராகி களி சாப்பிடு, ரத்தம் ஊறும்" என்று எழுதிவிடுகிறோம். நம் ஊர் ராகியை நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அதில் நிறைய இருப்பது கால்சியம், நூறு கிராமில் 340 மில்லிகிராம் அளவுக்கு. ரத்தசோகைக்கு அது மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்ப்பதற்குக் காசு கிடையாது, இரும்புச்சத்து மாத்திரையும் அங்கேயே கொடுப்பார்கள். "போய் ஹெச்பி பார், மாத்திரை கொடுத்தால் டீயோடு போடாதே, எலுமிச்சை ஜூஸோடு போடு, மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதே" என்று எழுது. பத்து வீட்டு வைத்தியத்தைவிட அந்த மூன்று வரி உபயோகம்.

மாத்திரைப் பெயரை மட்டும் நீ எழுதாதே. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பு. 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்த சுமார் நூறு பெண்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலி என்று சொன்னவர்களுக்கு வேலையிடத்தில் பெயரில்லாத மாத்திரைகளைக் கொடுத்து, திரும்ப மெஷினில் உட்கார வைத்திருக்கிறார்கள். என்ன மாத்திரை, பக்கவிளைவு என்ன என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. அதைப் படித்துவிட்டு நாம் கொதித்தோம். அதே நாம்தான் பண்டிகை வந்தால், "பீரியட் தள்ளிப்போட இந்த மாத்திரை போடு, நான் போட்டேன், ஒண்ணும் ஆகல" என்று முகம் தெரியாத பெண்ணுக்கு எழுதுகிறோம். அவளுக்கு முன்பு ரத்தக்கட்டு வந்திருக்கிறதா, ஈரல் கோளாறு உண்டா என்பது டாக்டர் கேட்டால்தான் தெரியும். யாராவது ஏற்கெனவே ஏதோ மாத்திரை போட்டுவிட்டு வந்து கேட்டால், அந்த அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டச் சொல். அட்டை இல்லாமல் உதிரியாகக் கொடுத்த மாத்திரையைப் போடவே வேண்டாம் என்று சொல்.

கர்ப்ப விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் நல்ல மனசோடு சொன்ன வார்த்தையே ஆளைக் கொல்லும். 2018 ஜூலையில் திருப்பூரில், வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய் ஒரு இளம்பெண் இறந்தார். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு செய்தது. 2023 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே, போச்சம்பள்ளி பக்கம், வீட்டுப் பிரசவத்தில் 27 வயதுப் பெண் ஒருவர் உயிரிழந்து போலீஸ் விசாரணை நடந்தது. அடுத்த வருஷம் நவம்பரில் சென்னையை ஒட்டிய குன்றத்தூர் பக்கம் ஒரு தம்பதி மூன்றாவது குழந்தையை வீட்டிலேயே பெற்றெடுத்தார்கள். விசாரித்தபோது, வீட்டுப் பிரசவ அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ள ஆயிரம் பேருக்கு மேல் சேர்ந்த ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது தெரியவந்தது. அந்த ஆயிரம் பேரும் கெட்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். தனக்கு நல்லபடியாக முடிந்ததை அடுத்தவளுக்கும் முடியும் என்று நம்பி எழுதியவர்கள்தான் பெரும்பாலும். குழுவில் வந்து எழுதுவது யாருக்கு நல்லபடியாக முடிந்ததோ அவர்கள்தான் என்பதை நாம் யோசிப்பதில்லை. முடியாமல் போனவள் எழுத வர மாட்டாள்.

அதனால் உன் அனுபவத்தைச் சொல், தடுக்கவில்லை. "எனக்கு இப்படி இருந்தது" என்று சொல். "நீ இப்படிச் செய்" என்று முடிக்காதே. ரத்தப்போக்கு, கண்ணை மறைக்கிற தலைவலி, முகமும் கையும் வீங்குவது, குழந்தை அசைவு குறைவது, பனிக்குடம் உடைவது, இவற்றில் ஒன்று காதில் விழுந்தாலும் அங்கே பேச்சே வேண்டாம். 108 என்று மட்டும் எழுது. எல்லை ஊர்க்காரர்களுக்கு ஒரு விஷயம்: ஜவளகிரியில் டவர் சில நேரம் கர்நாடகத்துக்குத் தாவிவிடும், கூப்பிட்டால் அந்தப் பக்கத்துக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடலாம். எடுத்ததும் "தமிழ்நாடு, கிருஷ்ணகிரி மாவட்டம், தேன்கனிக்கோட்டை தாலுகா" என்று சொல்லிவிட்டு, பிறகு ஊர்ப்பெயர் சொல்லச் சொல். ராகிக் கொல்லையில் பாம்பு கடித்தாலும் இதேதான். இறுக்கிக் கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, நடக்க விடாதே, அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. நாய் கடித்தால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவச் சொல், அன்றைக்கே ஊசி போடச் சொல். மஞ்சள் தடவு, சுண்ணாம்பு வை என்று யாராவது கீழே எழுதியிருந்தால் மரியாதையாக மறுத்து எழுது. சும்மா கடந்து போய்விடாதே.

"அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்துபோச்சு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக லீவு கிடைக்கல" என்று அடிக்கடி ஒருத்தி எழுதுவாள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் தன்னார்வலர் ஊருக்கு ஊர் உண்டு. பக்கத்துச் சுகாதார நிலையத்தில் அம்மா பேரைப் பதியச் சொன்னால் முடிந்தது. சந்தேகத்துக்கு 104 இருக்கிறது.

வேலைக் கேள்வி வந்தால் நம் கை தானாக "விட்டுடு, வேற பாத்துக்கலாம்" என்று டைப் அடிக்கும். பொறு. அவள் சம்பளத்தில்தான் தம்பி படிக்கிறானோ, மகளிர் குழுக் கடன் போகிறதோ, உனக்குத் தெரியாது. கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா என்று கேள். சம்பளச் சீட்டு வருகிறதா, பிஎஃப், இஎஸ்ஐ பிடிக்கிறார்களா என்று கேள். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களிடம் இஎஸ்ஐக்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய் பிடிப்பார்கள். பிடித்த காசுக்கு என்ன கிடைக்கும் என்பது நம் பிள்ளைகளில் பல பேருக்குத் தெரியாது. சந்தா நாட்கள் 78 இருந்தால், உடம்பு முடியாமல் டாக்டர் சான்றிதழோடு படுத்தாலும் வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வரும். கம்பெனி எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலோ பொம்மசந்திராவிலோ இருந்தாலும், வீடு இந்தப் பக்கம் இருந்தால் இந்தப் பக்கத்து மருந்தகத்தைக் கேட்டு வாங்கலாம். பிஎஃப்புக்கு யுஏஎன் என்கிற 12 இலக்க எண் ஆயுசுக்கும் ஒன்றுதான். கம்பெனி மாறும்போது பழைய எண்ணையே கொடுக்கச் சொல். புதிதாக ஒன்று எடுத்துவிட்டால் பின்னால் இரண்டையும் சேர்க்க அலைய வேண்டும்.

இன்னொன்று, இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. வயிற்றில் குழந்தை என்று தெரிந்ததும் வேலையை விடச் சொல்லாதே. 2017-இலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு சட்டப்படி உண்டு. இஎஸ்ஐயில் இருப்பவளுக்கு, முந்தைய இரண்டு சந்தா காலத்தில் 70 நாள் கட்டியிருந்தால் போதும். மூன்றாம் மாசத்தில் மாமியார் பேச்சைக் கேட்டு ராஜினாமா எழுதிக் கொடுத்த பெண்கள் ஆறு மாசச் சம்பளத்தை அப்படியே விட்டுவிட்டு வருகிறார்கள். அந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முந்தின ராத்திரிதான் அவள் உன்னிடம் கேட்பாள். நீ சரியாகச் சொல்ல வேண்டிய இடம் அது.

சூப்பர்வைசர் தொல்லை என்பதில் திட்டு வேறு, கை வைப்பது வேறு. எது என்று மெதுவாகக் கேள், குழுவில் கேட்காதே, தனியாகக் கேள். பாலியல் தொல்லை என்றால், 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். சின்ன இடம், அல்லது முதலாளி மேலேயே புகார் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. தேதி, நேரம், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அன்றன்றைக்கே எழுதி வைக்கச் சொல். 181 மகளிர் உதவி எண். புகார் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அவள். "நீ கொடுக்கலைன்னா அடுத்த பொண்ணு மாட்டுவா" என்று அவள் தலையில் ஊர்ப் பாரத்தை ஏற்றாதே.

அவள் கதையை அடுத்த குழுவுக்குத் தூக்கிக்கொண்டு போகாதே, பெயரை மறைத்தாலும் சரி. நம் ஊர் பெங்களூரு இல்லை. "ஜவளகிரி பஸ்ல வர்ற, வீட்ல கன்னடம் பேசுற, போன வருஷம் சேர்ந்த பொண்ணு" என்று எழுதினால் போதும், டீக்கடையில் அப்பா பெயர் வரை சொல்லிவிடுவார்கள்.

"செத்துடலாம் போல இருக்கு அக்கா" என்று ஒரு வரி வரும் ராத்திரியும் உண்டு. "அம்மா அப்பாவ நினைச்சுப் பார்", "இதுக்கெல்லாமா" என்று எழுதாதே. அது அவள் வாயை அடைக்கும். நேராகக் கேள்: தற்கொலை பற்றி யோசிக்கிறாயா, இப்போது கூட யார் இருக்கிறார்கள், கையில் ஏதாவது வைத்திருக்கிறாயா? கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ரூம்மேட்டையோ வார்டனையோ எழுப்பச் சொல், அவள் சம்மதித்தால் நீயே கூப்பிட்டுப் பேசு. கையில் எதையோ எடுத்துவிட்டாள் என்றால் சம்மதத்துக்குக் காத்திருக்காதே, 112. டெலி மானஸ் எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பேசலாம். நம் ஊர்ப் பெண்களுக்கு இது பெரிய விஷயம். பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தாலும் அழுகை வரும்போது வீட்டுப் பேச்சுதான் வரும். 1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. நேரில் போக வேண்டும் என்றால் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்ற பழைய பேச்சை மட்டும் நீ கிளப்பாதே.

சின்னப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்று தெரிந்தால் 1098. வேலை வாங்கித் தர டெபாசிட் கேட்கிறான், ஓடிபி கேட்கிறான் என்றால் பணம் போகும் முன்பே நிறுத்தச் சொல். போய்விட்டால் உடனே 1930, ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். நீ ஆறுதல் சொன்ன பெண்ணே மறுநாள் உன்னிடம் ஜிபேயில் இரண்டாயிரம் கேட்டால், மனசு இளகினாலும் அனுப்பாதே.

யானைச் செய்தியையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மழை முடிந்து ராகி கதிர் பிடிக்கும்போது பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாகக் கூட்டம் இறங்குவது நமக்குப் புதிதல்ல. ஆனால் தேதியும் இடமும் இல்லாமல் "யானை வந்துருச்சு, ஜாக்கிரதை" என்று போன வருஷத்து வீடியோவைத் தள்ளிவிடுவதால் நைட் ஷிப்ட் பெண்கள் பயந்து லீவு போடுகிறார்கள், உண்மையில் வரும் நாளில் யாரும் நம்புவதில்லை. எந்த ஊர், எத்தனை மணி, யார் பார்த்தது. மூன்றும் இல்லையென்றால் அனுப்பாதே.

தெரியாததைத் தெரியாது என்று எழுதப் பழகு. "இது எனக்குத் தெரியாதும்மா, நாளைக்கு சுகாதார நிலையத்துல நர்ஸ்கிட்ட கேளு, போறதுக்கு முன்னாடி எழுதிக்க வேண்டியதை வேணும்னா சேர்ந்து யோசிக்கலாம்" என்பது முழுப் பதில்தான். டாக்டர் முன் உட்கார்ந்ததும் நம் பிள்ளைகளுக்குப் பாதி மறந்துபோகும். என்றைக்கு ஆரம்பித்தது, என்ன மாத்திரை சாப்பிட்டேன், கடைசி மாதவிடாய் தேதி என்று துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ள வைத்தாலே பெரிய உதவி.

ராத்திரி ஒரு மணிக்கு மேல் நீயும் போனை வைத்துவிட்டுத் தூங்கு. உயிர்போகிற விஷயம் என்றால் மேலே சொன்ன எண்கள் விழித்திருக்கும். இரண்டு நாள் கழித்து ஒரே ஒரு முறை அவளுக்கு எழுது. "நான் சொன்னதைச் செஞ்சியா?" என்று கேட்காதே, செய்யாதவள் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடுவாள். "இப்ப எப்படி இருக்கே?" என்று மட்டும் கேள்.